பெர்சன்டைல்: நூறு பேரில் உங்கள் இடம்

நீட் தேர்வில் பொதுப் பிரிவு மாணவர் தகுதி பெற 50-ஆவது பெர்சன்டைலைத் தொட வேண்டும். மொத்த மதிப்பெண் 720. அதில் பாதி 360 என்று எண்ணிக்கொண்டு, 250 வாங்கிய பிள்ளை தகுதி பெறவில்லை என்று கலங்கும் வீடுகள் உண்டு. 2022-இல் 50-ஆவது பெர்சன்டைலுக்கு உரிய மதிப்பெண் 117. 2023-இல் 137, 2024-இல் 162, 2025-இல் 144. விதி மாறவே இல்லை; மதிப்பெண்தான் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கியது. வினாத்தாள் கடினமாக அமைந்தால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும். நடுவில் நிற்பவருடையதும் இறங்கும். தகுதிக் கோடு அந்த நடு ஆளின் மதிப்பெண்ணில்தான் போடப்படுகிறது.

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது மூன்று காரியங்கள் உங்களுக்குக் கைவந்திருக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்கு உரிய பெர்சன்டைலைக் கண்டுபிடிப்பது முதலாவது. ஒரு பெர்சன்டைலுக்கு உரிய மதிப்பெண்ணைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. அடுத்தவர் சொல்லும் பெர்சன்டைலைச் சரியாக வாசிப்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பள்ளிக்கூடக் கணக்கு போதும். மூன்றாவதற்கு ஒரு கேள்வியை விடாமல் கேட்கும் பழக்கம் வேண்டும்: யாருக்கு நடுவே?

சதவீதம் வேறு, பெர்சன்டைல் வேறு

சதவீதம் உங்கள் விடைத்தாளை மட்டும் பார்க்கிறது. 720-க்கு 540 வாங்கினால் 75 சதவீதம். உங்களைத் தவிர ஒருவரும் தேர்வு எழுதாவிட்டாலும் அது 75 சதவீதம்தான். பெர்சன்டைல் மற்றவர்களையும் பார்க்கிறது. எழுதிய எல்லோரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, உங்களுக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிச் சொல்கிறது. 75-ஆவது பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 75 பேர் உங்களுக்குக் கீழே. நீங்கள் எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதினீர்கள் என்ற செய்தி அதில் கிடையாது.

ஆகவே இரண்டும் எந்தப் பக்கமும் விலகிப் போகலாம். கடினமான தாளில் 40 சதவீதம் வாங்கியவர் 95-ஆவது பெர்சன்டைலில் நிற்கலாம். எளிய தாளில் 90 சதவீதம் வாங்கியவர் 60-ஐத் தாண்டாமல் போகலாம்.

பாடநூலில் இதற்கு நூற்றுமானம் என்று பெயர். வரிசைப்படுத்திய தரவை நான்கு சம பங்காக்கினால் கால்மானம், பத்தாக்கினால் பதின்மானம், நூறாக்கினால் நூற்றுமானம். 25-ஆவது பெர்சன்டைலும் முதல் கால்மானமும் ஒன்றே. 50-ஆவது பெர்சன்டைல்தான் இடைநிலை அளவு. 75-ஆவது, மூன்றாம் கால்மானம்.

இந்த அளவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயரான பிரான்சிஸ் கால்டன். 1884-இல் லண்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் அவர் ஓர் அளவெடுப்புக் கூடம் அமைத்தார். உயரம், எடை, கைப்பிடி வலு, மூச்சுக் கொள்ளளவு, பார்வைக் கூர்மை என 9,337 பேரிடம் அளந்து, அடுத்த ஆண்டே முடிவுகளைப் பெர்சன்டைல் அட்டவணையாக வெளியிட்டார். உயரம் அங்குலத்தில் இருக்கும், கைப்பிடி வலு பவுண்டில் இருக்கும். இரண்டையும் நேராக ஒப்பிட வழியில்லை. ஆனால் ஒருவர் உயரத்தில் 30-ஆவது பெர்சன்டைலிலும் கைப்பிடியில் 80-ஆவதிலும் இருக்கிறார் என்றால் உடனே விளங்கிவிடும். வெவ்வேறு அலகுகளை ஒரே ஏணியில் வைத்துப் பார்க்க முடிவதுதான் இந்த முறையின் பலம்.

அதே கால்டன்தான் மனிதர்களைப் பிறப்பால் உயர்வு தாழ்வு பிரிக்கும் யூஜெனிக்ஸ் கொள்கைக்கும் வித்திட்டவர். ஆகையால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெர்சன்டைல் என்பது ஓர் அளவில், ஒரு கூட்டத்தில், ஒரு நாளில் ஒருவருக்கு அமைந்த இடம். மனிதரின் மதிப்பு அதில் எழுதப்படவில்லை.

இருபது மதிப்பெண், ஒரு வகுப்பு

கையால் போட்டுப் பார்க்காமல் இது மனதில் நிற்காது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேர் உள்ள வகுப்பில் 100-க்கு நடந்த தேர்வின் மதிப்பெண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்:

63, 71, 48, 94, 52, 60, 82, 41, 71, 55, 68, 34, 88, 58, 66, 52, 78, 45, 71, 61

முதல் வேலை, சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசைப்படுத்துவது. வரிசைப்படுத்தாமல் பெர்சன்டைல் கணக்குக் கிடையாது.

34, 41, 45, 48, 52, 52, 55, 58, 60, 61, 63, 66, 68, 71, 71, 71, 78, 82, 88, 94

வரிசைப்படுத்தியதும் எண்ணிப் பாருங்கள். 20 இருக்கிறதா? எழுதும்போது ஓர் எண் விடுபட்டால் பின்னால் வரும் எல்லா விடையும் பிசகும்.

மதிப்பெண்ணிலிருந்து பெர்சன்டைலுக்கு

71 வாங்கிய மாணவியின் பெர்சன்டைல் என்ன? அவளுக்குக் கீழே 13 பேர். அவளையும் சேர்த்து 71 வாங்கியவர்கள் 3 பேர். அவளுக்கு மேலே 4 பேர். இங்கே ஒரு கேள்வி எழுகிறது: சமமாக வாங்கியவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது? மூன்று வழக்கங்கள் உள்ளன.

முதல் வழக்கம்: கீழே உள்ளவர்களை மட்டும் எண்ணு.
13 ÷ 20 × 100 = 65

இரண்டாம் வழக்கம்: கீழே உள்ளவர்களோடு சமமானவர்களையும் சேர்த்து எண்ணு.
16 ÷ 20 × 100 = 80

மூன்றாம் வழக்கம்: சமமானவர்களில் பாதியைச் சேர்.
(13 + 1.5) ÷ 20 × 100 = 72.5

ஒரே மாணவி, ஒரே மதிப்பெண், மூன்று விடை. மூன்றும் சரியே. எந்த வழக்கப்படி கணக்கிட்டோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. வகுப்பு சிறியதாக இருப்பதாலும், மூன்று பேர் ஒரே மதிப்பெண்ணில் நிற்பதாலும் இடைவெளி இவ்வளவு அகலமாகத் தெரிகிறது. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இது பெரும்பாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒதுங்கிவிடும்.

பெரிய தேர்வுகளும் இதில் ஒரே வழியில் போவதில்லை. ஜே.இ.இ. மெயின் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை இரண்டாம் வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறது. உங்கள் மதிப்பெண்ணோ அதற்குக் குறைவாகவோ வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த வேளையில் எழுதியவர்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குகிறார்கள். முதலிடம் பெற்றவரும் தன்னையே சேர்த்து எண்ணிக்கொள்வதால் அவருக்கு 100 கிடைக்கிறது.

ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வில் வழி வேறு. மொத்த எண்ணிக்கையிலிருந்து தரவரிசை எண்ணைக் கழித்து, மொத்தத்தால் வகுக்கிறார்கள். நம் வகுப்பில் இதைப் போட்டால் 94 வாங்கி முதலிடத்தில் நிற்பவருக்கு (20 − 1) ÷ 20, அதாவது 95-தான் கிடைக்கும். கேட் தேர்வை ஏறக்குறைய 3 லட்சம் பேர் எழுதும்போது முதலிடத்துக்கு 99.9997 வரும். இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் அது 100 ஆகிவிடும்.

பெர்சன்டைலிலிருந்து மதிப்பெண்ணுக்கு

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். இந்த வகுப்பில் 90-ஆவது பெர்சன்டைலுக்கு உரிய மதிப்பெண் எது? இங்கேயும் மூன்று வழி பழக்கத்தில் உள்ளன. மூன்றிலும் முதலில் வரிசையில் எத்தனையாவது இடம் என்று கண்டுபிடித்து, பிறகு அந்த இடத்தில் இருக்கும் மதிப்பெண்ணைப் படிக்கிறோம்.

எளிய வழி. பெர்சன்டைலை மொத்த எண்ணிக்கையால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். 90 × 20 ÷ 100 = 18. வரிசையில் 18-ஆவது மதிப்பெண் 82. அதுவே விடை. பின்னம் வந்தால் மேலே இருக்கும் முழு எண்ணுக்குப் போக வேண்டும். 33-ஆவது பெர்சன்டைலுக்கு 6.6 வருகிறது, 7-ஆவது மதிப்பெண்ணான 55-ஐ எடுக்கிறோம். இந்த வழியில் விடை எப்போதும் யாரோ ஒருவர் உண்மையில் வாங்கிய மதிப்பெண்ணாகவே இருக்கும்.

பாடநூல் வழி. மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 90 × 21 ÷ 100 = 18.9. பதினெட்டாவது மதிப்பெண் 82, பத்தொன்பதாவது 88. இடையே 6 வித்தியாசம். அதில் 0.9 பங்கு 5.4. விடை 82 + 5.4 = 87.4.

எக்செல் வழி. மொத்தத்தில் ஒன்றைக் குறைத்துப் பெருக்கி, பிறகு ஒன்றைக் கூட்ட வேண்டும். 90 × 19 ÷ 100 + 1 = 18.1. விடை 82 + 0.6 = 82.6.

82, 82.6, 87.4. எக்செல்லில் பெர்சன்டைல் என்ற பெயரில் தொடங்கும் ஃபார்முலாக்களில் ‘இன்க்’ என்று முடிவது 82.6 தரும், ‘எக்ஸ்க்’ என்று முடிவது பாடநூல் வழியில் 87.4 தரும். ஒன்றில் போட்டதை இன்னொன்றோடு ஒப்பிட்டுவிட்டு, கணினி தப்பு செய்கிறது என்று நினைக்க வேண்டாம். ராப் ஹைண்ட்மன், யானன் ஃபேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1996-இல் எழுதிய கட்டுரையில், மென்பொருள்கள் கையாளும் ஒன்பது வழிகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்டார்கள். ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் அந்த ஒன்பதும் இன்றும் எண் போட்டுக் கிடைக்கின்றன. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அது ஏழாவது வழியை எடுத்துக்கொள்ளும். எக்செல்லின் ‘இன்க்’ வழியும் அதுவே.

எதைப் பின்பற்றுவது? பள்ளி, கல்லூரித் தேர்வு எழுதுபவர் பாடநூல் வழியைப் பின்பற்றட்டும். அலுவலக அறிக்கை எழுதுபவர் எக்செல் வழியை எடுத்துக்கொண்டு, எந்த ஃபார்முலா என்று அடியில் ஒரு வரி எழுதிவிடட்டும். வேறொருவர் சரிபார்க்கும்போது அந்த ஒரு வரி அவருடைய அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இன்னோர் எச்சரிக்கை. இதே வகுப்பில் பாடநூல் வழியில் 99-ஆவது பெர்சன்டைலைத் தேடினால் 99 × 21 ÷ 100 = 20.79 வரும். வரிசையில் இருப்பதே 20 மதிப்பெண்தான். ‘எக்ஸ்க்’ ஃபார்முலா இங்கே விடை தராமல் பிழைச் செய்தி காட்டும். அது குறையில்லை, நல்ல அறிவுரை. 20 பேரை வைத்துக்கொண்டு நூறில் ஒருவரைத் தேட முடியாது.

தொகுத்த அட்டவணையிலிருந்து

எல்லா நேரமும் தனித்தனி மதிப்பெண் கையில் இருக்காது. தலைமையாசிரியருக்குப் போகும் அறிக்கையில் ‘40 முதல் 60 வரை 70 பேர்’ என்ற மாதிரிதான் இருக்கும். 200 மாணவர்களின் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

0–20: 18 பேர் (குவிவு 18)
20–40: 42 பேர் (குவிவு 60)
40–60: 70 பேர் (குவிவு 130)
60–80: 50 பேர் (குவிவு 180)
80–100: 20 பேர் (குவிவு 200)

குவிவு என்பது அந்தப் பிரிவு வரைக்குமான மொத்தம். 75-ஆவது பெர்சன்டைல் வேண்டும் என்றால் 200-இல் 75 சதவீதம், அதாவது 150-ஆவது ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். 40–60 முடியும்போது 130 பேர் ஆகிவிட்டார்கள். 60–80 முடியும்போது 180 ஆகிறது. ஆகவே நம் ஆள் 60–80 பிரிவில் இருக்கிறார்.

அந்தப் பிரிவுக்குள் நுழைந்து இன்னும் 20 பேரைத் தாண்ட வேண்டும் (150 − 130). பிரிவில் இருப்பது 50 பேர். பிரிவின் அகலம் 20 மதிப்பெண். ஐம்பது பேரும் அந்த இருபது மதிப்பெண்ணில் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று கொண்டால்:

60 + (20 ÷ 50) × 20 = 60 + 8 = 68

விடை 68. ‘சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று கொண்டால்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஐம்பது பேரில் நாற்பது பேர் 61, 62 என்று அடியிலேயே நின்றிருந்தால் உண்மை விடை இதைவிடக் குறைவு. தொகுத்த அட்டவணையிலிருந்து வருவது மதிப்பீடுதான். அதற்கு மூன்று தசம இடம் எழுதுவதில் பொருளில்லை.

ஜே.இ.இ. ஏன் பெர்சன்டைல் தருகிறது

2019 முதல் ஜே.இ.இ. மெயின் தேர்வு பல நாட்களில், காலை மாலை என்று பல வேளைகளில் நடக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் வேறு வினாத்தாள். எவ்வளவு முயன்றாலும் இரண்டு வினாத்தாள் ஒரே கடினத்தில் அமைவதில்லை. அப்படியானால் காலையில் 300-க்கு 160 வாங்கியவரையும் மாலையில் 160 வாங்கியவரையும் சமமாக வைப்பது நியாயமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை வேளையில் 50,000 பேர் எழுதினார்கள். 160-ஓ அதற்குக் கீழோ வாங்கியவர்கள் 48,500 பேர். பெர்சன்டைல் 97. மாலையில் 48,000 பேர் எழுதினார்கள். 160-ஓ அதற்குக் கீழோ வாங்கியவர்கள் 47,280 பேர். பெர்சன்டைல் 98.5. மாலைத் தாள் கடினம். அதனால் அங்கே 160 வாங்குவது பெரிய காரியம். அந்த உழைப்பு பெர்சன்டைலில் தெரிகிறது, வெறும் மதிப்பெண்ணில் தெரியவில்லை.

இந்த முறைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. காலையில் வந்தவர்களும் மாலையில் வந்தவர்களும் மொத்தத்தில் ஒரே திறமை உடையவர்கள் என்று கொள்ள வேண்டும். பெருங்கூட்டத்தைக் குலுக்கல் முறையில் பிரித்தால் இது ஏறக்குறைய உண்மையாகும். சிறிய கூட்டத்தில் ஆகாது.

சமநிலை வந்து பலர் ஒரே இடத்தில் தேங்காமல் இருக்க, முகமை ஏழு தசம இடம் வரை பெர்சன்டைல் தருகிறது. அப்படியும் ஒவ்வொரு வேளையின் முதலிடத்துக்கும் 100 கிடைப்பதால், 2024-இல் 56 பேர் 100 பெர்சன்டைல் பெற்றார்கள். 100 பெர்சன்டைல் என்றால் 300-க்கு 300 வாங்கினார் என்று பொருள் கொள்ளக் கூடாது. தன் வேளையில் அவரைத் தாண்டியவர் இல்லை என்பதே அதன் பொருள்.

பெர்சன்டைலை வைத்துத் தரவரிசையைத் தோராயமாகச் சொல்லவும் முடியும். நூறிலிருந்து பெர்சன்டைலைக் கழித்து, மொத்த எண்ணிக்கையால் பெருக்கி, நூறால் வகுக்க வேண்டும். 14 லட்சம் பேர் எழுதிய ஆண்டில் 98.5 வாங்கியவருக்கு மேலே 1.5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 21,000 பேர். 98.5 என்று கேட்டதும் மனம் குளிர்கிறது. 21,000 என்று கேட்டதும் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியைக் கேட்பது என்ற தெளிவு வருகிறது. முடிவெடுக்க இரண்டாவது எண்ணைப் பயன்படுத்துங்கள்.

குழந்தையின் எடை அட்டையில்

பிள்ளைகளைப் பெற்றவர்கள் முதன்முதலில் பெர்சன்டைலைச் சந்திப்பது குழந்தை மருத்துவரின் மேசையில்தான். கீழிருந்து மேலாக வளைந்து போகும் சில கோடுகள், நடுவில் ஒரு பேனாப் புள்ளி. ‘உங்கள் பையன் 15-ஆவது பெர்சன்டைலில் இருக்கிறான்’ என்று மருத்துவர் சொன்னதும் பல தாய்மார்களுக்கு 35-க்குக் கீழே போன மதிப்பெண் அட்டைதான் நினைவுக்கு வருகிறது. தேவையே இல்லாத கவலை அது.

யாருக்கு நடுவே என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல், 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து உருவானது. இந்தியாவில் அளவெடுத்த இடம் டெல்லி. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்மாரின், வசதியான சூழலில் வளர்ந்த குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக 15-ஆவது பெர்சன்டைல் என்றால், நல்ல சூழலில் வளரும் ஆரோக்கியமான நூறு குழந்தைகளில் 15 பேர் இவனைவிட எடை குறைவு என்று பொருள். எல்லோரும் 50-இல் நிற்க முடியாது. நூறு பேர் வரிசையில் யாராவது 15-ஆவதாகவும் நின்றுதான் ஆக வேண்டும்.

ஒரு வயது முடிந்த ஆண் குழந்தையின் எடைக்கு அந்த அளவுகோல் தரும் எண்கள் இவை:

3-ஆவது பெர்சன்டைல்: 7.8 கிலோ
15-ஆவது: 8.6 கிலோ
50-ஆவது: 9.6 கிலோ
85-ஆவது: 10.8 கிலோ
97-ஆவது: 11.8 கிலோ

இந்த ஐந்து எண்ணையும் நிதானமாகப் பாருங்கள். 50-லிருந்து 85-க்கு 35 பெர்சன்டைல் ஏற 1.2 கிலோ தேவைப்படுகிறது. 85-லிருந்து 97-க்கு வெறும் 12 பெர்சன்டைல். அதற்கே 1 கிலோ வேண்டும். நடுவில் கூட்டம் நெருக்கமாக நிற்கிறது. சிறிது எடை கூடினாலும் பலரைத் தாண்டிவிடலாம். ஓரத்தில் ஆள் குறைவு. ஒருவரைத் தாண்டவே நிறைய எடை கூட வேண்டும். பெர்சன்டைல் படிகளில் ஆள் கணக்கு சமம், கிலோ கணக்கு சமமில்லை.

தேர்விலும் இதே கதைதான். நடுவில் நிற்பவர் இன்னும் நான்கைந்து கேள்விக்குச் சரியாக எழுதினால் பல பெர்சன்டைல் தாவிவிடுவார். 99-லிருந்து 99.9-க்குப் போக நினைப்பவர் பல மாதம் உழைக்க வேண்டியிருக்கும். பிள்ளை 60-லிருந்து 75-க்கு வந்ததையும் 97-லிருந்து 98-க்கு வந்ததையும் ஒரே முழக்கோலால் அளக்காதீர்கள்.

குழந்தையின் அட்டையில் ஒற்றைப் புள்ளியைவிடப் புள்ளிகள் போகும் பாதை முக்கியம். பிறந்ததிலிருந்து 15-ஐ ஒட்டியே வளரும் குழந்தை தன் வழியில் வளர்கிறது. 60-இல் இருந்த குழந்தை சில மாதங்களில் 50, 15 என்று கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது அதன் பெர்சன்டைல் இன்னும் 14-ஆகவே இருந்தாலும் சரி.

அங்கன்வாடி அட்டைகளில் பெர்சன்டைலுக்குப் பதில், எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் என்ற அளவில் கோடுகள் இருக்கும். சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே என்பது ஏறக்குறைய 2.3-ஆவது பெர்சன்டைல். அதற்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு என்று பதிவு செய்கிறார்கள். ஒரு திட்ட விலக்கம் மேலே என்பது 84-ஆவது பெர்சன்டைலுக்கு அருகில். இலங்கையில் உயர்தரத் தேர்வு எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குத் தரப்படும் இஸட் புள்ளியும் இந்தத் திட்ட விலக்கக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

சராசரி மறைப்பதைக் காட்டும் அளவு

தேர்வுக்கும் மருத்துவத்துக்கும் வெளியேயும் பெர்சன்டைல் நிறைய வேலை செய்கிறது. ஒரு சாலையில் தடையின்றி ஓடும் வாகனங்களில் 85 சதவீதம் எந்த வேகத்தைத் தாண்டாமல் போகின்றனவோ, அந்த 85-ஆவது பெர்சன்டைல் வேகத்தைச் சாலைப் பொறியாளர்கள் வேக வரம்பு முடிவு செய்யும்போது பார்க்கிறார்கள். 2009-இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் காற்றுத் தர வரம்புகளில், 24 மணி நேர அளவுகள் ஆண்டில் 98 சதவீத நேரம் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்தால் மூச்சுத் திணறிய நாட்கள் மற்ற நாட்களோடு கலந்து கரைந்துபோகும். 98-ஆவது பெர்சன்டைலைப் பார்த்தால் அந்த நாட்கள் தப்ப முடியாது.

அடிக்கடி நேரும் நான்கு தவறுகள்

பெர்சன்டைல்களைச் சராசரி எடுப்பது. ஒரு மாணவர் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் 90 பெர்சன்டைல் வாங்கினால் மொத்தமும் 90 என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். கணிதத்தில் அவரை முந்திய பத்து சதவீதத்தில் பலர் வேதியியலில் பின்தங்கியிருப்பார்கள். மூன்றிலும் ஒருசேர அவரை முந்தியவர்கள் குறைவு. அதனால்தான் தேர்வு முகமை மூன்று பாடப் பெர்சன்டைலைக் கூட்டி வகுப்பதில்லை. மொத்த மதிப்பெண்ணை எடுத்து அதற்குத் தனியாகப் பெர்சன்டைல் கணக்கிடுகிறது.

வெவ்வேறு கூட்டத்தின் பெர்சன்டைலை ஒப்பிடுவது. பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில் 70 வாங்கிய பிள்ளை, நாடு முழுதும் எழுதும் தேர்விலும் 70-தான் வாங்குவான் என்று முடிவு கட்ட வேண்டாம். மாதிரித் தேர்வை எழுதியவர்கள் தீவிரமாகத் தயாரானவர்கள். பெரிய தேர்வின் கூட்டம் வேறு.

தகுதியை இடத்தோடு குழப்புவது. 2023 நீட் தேர்வை எழுதிய 20 லட்சத்துச் சொச்சம் பேரில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். 50-ஆவது பெர்சன்டைல் என்று வைத்தும் பாதிக்கு மேல் தகுதி பெற்றது எப்படி என்று கேட்கலாம். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குக் கோடு 40-ஆவது பெர்சன்டைல். 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கும் அந்தப் பிரிவினரும் கணக்கில் சேர்கிறார்கள்.

பூஜ்யத்தைக் கோடு என்று நினைப்பது. 2023-இல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வில் தகுதி அளவு பூஜ்ய பெர்சன்டைலுக்குக் குறைக்கப்பட்டது. பூஜ்ய பெர்சன்டைலுக்குக் கீழே யாரும் நிற்க முடியாது. தேர்வு எழுதிய எல்லோரும், தவறான விடைகளால் மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே போனவர்களும்கூட, தகுதி பெற்றார்கள் என்பதே அதன் பொருள்.

பயிற்சி

1. நம் 20 பேர் வகுப்பில் 58 வாங்கியவரின் பெர்சன்டைலை மூன்று வழக்கத்திலும் காண்க.
2. அதே வகுப்பில் 85-ஆவது பெர்சன்டைலுக்கு உரிய மதிப்பெண்ணை மூன்று வழியிலும் காண்க.
3. 200 பேர் அட்டவணையில் இடைநிலை அளவு என்ன?
4. 14 லட்சம் பேர் எழுதிய தேர்வில் 97.2 பெர்சன்டைல் வாங்கியவருக்கு மேலே சுமார் எத்தனை பேர்?
5. ‘எங்கள் மாணவர்களின் சராசரி 92 பெர்சன்டைல்’ என்று ஒரு விளம்பரம் வருகிறது. என்னென்ன கேட்பீர்கள்?

விடைகள்

1. கீழே உள்ளவர்கள் 7 பேர், சமமானவர் அவர் ஒருவரே. முறையே 35, 40, 37.5.

2. எளிய வழியில் 17-ஆவது இடம், 78. பாடநூல் வழியில் 17.85-ஆவது இடம், 78 + 0.85 × 4 = 81.4. எக்செல் வழியில் 17.15-ஆவது இடம், 78 + 0.15 × 4 = 78.6.

3. நூறாவது ஆள் 40–60 பிரிவில் இருக்கிறார். 40 + (40 ÷ 70) × 20 = 51.4, தோராயமாக 51.

4. 2.8 சதவீதம், அதாவது சுமார் 39,200 பேர்.

5. எந்தத் தேர்வு, எந்த ஆண்டு? அந்தத் தேர்வை எழுதியவர்கள் எத்தனை பேர்? மையத்தில் சேர்ந்த எல்லோருடைய கணக்கா, நன்றாக எழுதிய சிலருடைய கணக்கா? சேரும்போதே 90-இல் இருந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார்களா? பெர்சன்டைல்களைச் சராசரி எடுத்ததற்குப் பதில், எத்தனை பேருக்கு எந்தத் தரவரிசை கிடைத்தது என்று காட்ட முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுத்தில் கிடைத்த பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள்.